பதினெட்டாம் எண் அறை

சிமரோனுக்கு நாங்கள் பேய் பார்க்கப் போகவில்லை; மகனைக் கூட்டிவரப் போனோம்.

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வடகிழக்கில், ராக்கி மலை இறங்கிப் புல்வெளியைத் தொடுகிற இடத்தில், பில்மாண்ட் என்ற சாரணர் பண்ணை இருக்கிறது. சுமார் 1,40,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி வைட் ஃபிலிப்ஸ் என்ற எண்ணெய் முதலாளி 1938-லும் 1941-லும் சாரணர்களுக்கு எழுதிக் கொடுத்தது. கோடையில் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து, முதுகில் மூட்டையோடு மலை ஏறி இறங்கி, மூக்கெல்லாம் தோல் உரிந்து வீடு திரும்புவார்கள். சாரணர் படையில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. எங்கள் மகனும் போயிருந்தான்.

அப்போது நாங்கள் டென்வரில் இருந்தோம். மேலூரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று அவரையும் ஏற்றிக்கொண்டோம். புவெப்லோ, டிரினிடாட் தாண்டி ரேட்டன் கணவாய் ஏறி இறங்கி, கீழேயுள்ள ஊரையும் தாண்டியதும் வேறு ஊர் என்று ஒன்றும் கிடையாது. புல்லும் வேலியும், தூரத்தில் மான் கூட்டமும்தான். அத்தை வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, "இம்புட்டு நெலமும் சும்மாவாத்தா கெடக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அந்த மண்ணில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அறை பதிவு செய்தது என் கணவர். பண்ணையிலிருந்து ஐந்து மைலுக்குள் இருக்கிறது, பழைய கட்டடம், நன்றாக இருக்குமாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். பின்சீட்டில் போனைத் தடவிக்கொண்டிருந்த மகள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"அப்பா, இது பேய் ஓட்டல்ப்பா. இருபத்தாறு பேர் செத்திருக்காங்களாம்."

அத்தை தூக்கம் கலைந்து, "யாரு செத்தது?" என்றார்.

"ரொம்ப நாளைக்கு முன்னாடிம்மா," என்றார் இவர், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

செயின்ட் ஜேம்ஸ் ஓட்டலைத் தொடங்கியவர் ஹென்றி லாம்பர்ட் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர். ஆபிரகாம் லிங்கனுக்கே சமைத்தவர் என்று ஓட்டலில் பெருமையாகச் சொல்வார்கள். தங்கம் தேடி மலைக்கு வந்து, தங்கத்தைவிடச் சாராயத்தில் வரும்படி நிச்சயம் என்று கண்டுகொண்டு, 1872-ல் இங்கே மதுக்கடை திறந்தார். அறைகள் பிறகு சேர்ந்தன. சான்டா ஃபே வண்டிப்பாதையின் மலைக்கிளை ஊர் வழியே போனது. மாடு ஓட்டுகிறவன், சுரங்கக்காரன், சிப்பாய், சூதாடி, தேடப்படும் குற்றவாளி எல்லாரும் தங்கிப்போன இடம். ஜெஸ்ஸி ஜேம்ஸ் பொய்ப்பெயரில் தங்கினான், வயட் அர்ப் வந்தார், பஃபலோ பில் வந்தார் என்று ஒரு நீண்ட பட்டியலே வைத்திருக்கிறார்கள். பழைய மேற்கில் படுக்கை போட்டிருந்த எல்லா ஓட்டலுமே ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கும். ஆகவே பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பது நல்லது.

கழிக்க முடியாதது கூரை. மதுக்கடை இருந்த பகுதி இப்போது சாப்பாட்டு அறை. பூவேலை அழுத்திய தகரம் வேய்ந்த உட்கூரை அது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பூக்களுக்கு நடுவே துளைகள். இருபத்திரண்டு என்கிறார்கள். சில துளைகளின் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருப்பது கீழேயிருந்து பார்த்தாலே தெரிகிறது. ஒன்று நான் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. 1901-ல் லாம்பர்ட்டின் மகன்கள் கூரையைப் பிரித்து மாற்றியபோது நானூறுக்கு மேற்பட்ட துளைகளைக் கண்டார்களாம். மாடியில் படுத்திருந்தவர்கள் பிழைத்தது, நடுவில் கனமான பலகையை இரண்டடுக்காகப் போட்டிருந்ததால். லாம்பர்ட்டின் புத்திசாலித்தனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: கீழே குடிப்பவனும் மேலே தூங்குபவனும் அவருக்கு வாடிக்கையாளர்கள்தானே.

அந்தத் துளைகளுக்குக் கீழேதான் ராத்திரிச் சாப்பாடு. நியூ மெக்ஸிகோவில் எதைக் கேட்டாலும் அதன்மேல் மிளகாய்க் குழம்பு ஊற்றித் தருவார்கள். சிவப்பா பச்சையா என்பது மட்டும்தான் நம் விருப்பம். அமெரிக்காவில் எங்கே சாப்பிட்டாலும் "சப்புனு இருக்கு" என்று தட்டைத் தள்ளும் அத்தை அன்று பச்சை மிளகாய்க் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார். பண்ணையிலிருந்து கூட்டிவந்த மகன் யாரோடும் பேசாமல் எங்கள் தட்டுகளில் மிஞ்சியதையும் சேர்த்துத் தின்றான். மலையில் பொட்டலச் சாப்பாட்டையே தின்றுவந்தவன். அவனிடமிருந்து புகையும் வியர்வையும் கலந்து ஒரு வாடை அடித்தது. இரண்டு தடவை குளித்தும் போகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், வேலை செய்யும் பெண்ணொருத்தி மாடியைச் சுற்றிக் காட்டினாள். தேய்ந்த கம்பளம், அழுத்தினால் முனகுகிற பலகைத் தரை, கதவுக்குக் கதவு பழங்காலத்து ஆட்களின் பெயர். பழைய கட்டடத்து அறைகளில் டிவியும் இல்லை, போனும் இல்லை. பதினேழாம் எண் லாம்பர்ட்டின் மனைவி மேரியின் அறை. அங்கே ரோஜா வாசனை வரும், ஜன்னலைத் திறந்து வைத்தால் சாத்தும்வரை கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்கும் என்றாள். மகள் உடனே மூக்கை உறிஞ்சி, "வருது!" என்றாள். அத்தையும் உறிஞ்சினார். "சோப்பு வாசம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது பதினெட்டு. பூட்டியே இருக்கும், யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. டி. ஜே. ரைட் என்பவன் சீட்டாட்டத்தில் இந்த ஓட்டலையே ஜெயித்தான், அறைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து சுட்டார்கள், உள்ளே வந்து ரத்தம் வடிந்து செத்தான், இன்னும் கோபமாக இருக்கிறான் என்பது கதை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்னதான் வச்சிருக்காகளாம்?"

கேட்டேன். மெத்தை இல்லாத கட்டில், ஆடும் நாற்காலி, கோட்டு மாட்டும் கட்டை, ஒரு சின்ன அலமாரிமேல் விஸ்கி பாட்டில், குட்டிக் கிளாஸ்கள், சீட்டுக்கட்டு என்று அவள் அடுக்கினாள்.

"சாராயம் வச்சிருக்கு. கதவு பூட்டியிருக்கு. பதினெட்டு." அத்தை விரலை மடக்கினார். "அப்பறம் என்னத்தா? நம்ம கருப்பன்தான்."

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. சாத்திக் கிடக்கும் கதவுதான் சாமி. அந்தக் கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். சின்ன வயதிலிருந்து அந்தக் கதவின் முன்னால் நின்று பழகிய கை, சிமரோனிலும் தானாகக் குவிந்தது. ஓட்டல் பெண் சிரிக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்க்கிறவர்களை, சாவித் துளையில் கண் வைக்கிறவர்களை எல்லாம் பார்த்திருக்கிறாள். கும்பிட்டவரை அன்றுதான் பார்க்கிறாளாம்.

கருப்பன் என்று முடிவானதும் அத்தைக்குப் பயம் போய்விட்டது. மிச்சப் பேருக்குப் போகவில்லை. மகள் என் பக்கத்தில்தான் படுப்பேன் என்று வந்துவிட்டாள். விளக்கை அணைக்க விடவில்லை. நடுநிசிக்கு மேல் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது; ஜூலையில் அந்த மலைப்பக்கம் அப்படித்தான். கட்டடமே முனகியது. ஜன்னலில் ஏதோ தட்டியது. மழையாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, பகுத்தறிவோடு, தூங்குவது போல் கிடந்தார்.

பிறகு நடைக்கூடத்தில் காலடிச் சத்தம். நிதானமான, செருப்பில்லாத காலடி. எங்கள் கதவைத் தாண்டிப் போய், கொஞ்சம் நின்று, திரும்பியது. மகளின் நகம் என் கையில் பதிந்தது. சற்று நேரத்தில் எங்கோ ஒரு கதவு திறந்தது. அதையடுத்து ஒரு பெண்ணின் அலறல்.

இவர் போர்வையை உதறிவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாடிப்படியின் மேல்தட்டில், அத்தையின் பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் எங்கள் மகன். கூடாரத்தில் தரையில் படுத்துப் பழகியதில் மெத்தையில் தூக்கம் வரவில்லையாம். "ஒரு பாட்டி என்னப் பாத்துக் கத்திட்டுக் கதவச் சாத்திட்டாங்கம்மா," என்றான் பாவமாக. அவர் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்போம் என்றேன். தட்டினால் மாரடைப்பே வந்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் இவர்.

காலையில் பார்த்துக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது. நாங்கள் இறங்கி வருவதற்குள் அந்த அம்மாள் சாப்பாட்டு அறை முழுவதையும் கட்டிப் போட்டிருந்தார். மாடிப்படியருகே ஒரு பூர்வகுடிப் பையனின் ஆவியை நேருக்கு நேர் பார்த்தாராம். கறுத்த மெலிந்த உடம்பு, போர்வை, நூற்றாண்டுத் துயரம் தேங்கிய கண்கள். பக்கத்து மேசையில் அந்தத் துயரக் கண்கள் மூன்றாவது பான்கேக்கில் பதிந்திருந்தன. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வந்ததற்குப் பலன் கிடைத்த திருப்தி அது. அத்தைக்கு மட்டும் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

சிரித்து முடித்தபிறகுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. அந்த ஓட்டலில் சொல்லப்பட்ட ஆவிகளில் பூர்வகுடி யாருமே இல்லை. அந்த இடத்தை நிரப்ப மதுரைப்பக்கத்துப் பையன் ஒருவன் போக வேண்டியிருந்தது.

ஓட்டலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய கல் மாவு மில் இருக்கிறது. 1864-ல் லூசியன் மேக்ஸ்வெல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். ஒரு காலத்தில் யூட் மக்களும் ஜிகாரில்லா அப்பாச்சி மக்களும் அரசாங்க ரேஷனுக்கு அங்கேதான் வந்து நின்றார்கள். வேட்டையாடிய மண்ணையெல்லாம் எடுத்துக்கொண்டு மாவும் இறைச்சியும் அளந்து கொடுத்தார்கள். 1870-களின் நடுவில் அதையும் நிறுத்தி வேறிடம் போகச் சொன்னார்கள். ஜிகாரில்லா மக்களுக்கு 1887-ல் ஒதுக்கிய நிலம் மாநிலத்தின் வடக்கே, மேற்குப் பக்கமாக இருக்கிறது.

அதே ஆண்டுகளில் அந்த நிலத்துக்காகக் குடியேறிகளுக்கும் அதை வாங்கிய முதலாளிகளுக்கும் அடிதடி. 1841-ல் மெக்ஸிகோ ஆளுநர் இரண்டு பேருக்குக் கொடுத்த மானியம் அது. அந்நாட்டுச் சட்டப்படி இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 97,000 ஏக்கருக்கு மேல் போக முடியாது. அவர்களில் ஒருவரின் மருமகன் மேக்ஸ்வெல் கைக்கு வந்து, 1870-ல் வெளிநாட்டு முதலாளிகளுக்கு விற்கப்பட்டு, கடைசியில் பதினேழு லட்சம் ஏக்கர் என்று அளந்து முடித்தார்கள். 1887-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பில்மாண்ட் பண்ணையும் அதன் ஒரு துண்டுதான். 1870-ல் விற்றதிலிருந்தே, அங்கே வீடு கட்டி விதைத்திருந்தவர்கள் எல்லாரும் அத்துமீறிகள் எனப்பட்டார்கள்.

அவர்களுக்காகப் பேசியவர் டோல்பி என்ற மெதடிஸ்ட் பாதிரியார். 1875 செப்டம்பரில் சிமரோன் பள்ளத்தாக்கில் முதுகில் சுடப்பட்டுக் கிடந்தார். குதிரையும் பொருளும் அப்படியே இருந்தன, ஆகவே திருட்டு இல்லை. ஏவியவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆத்திரத்தில் ஒரு கும்பல் க்ரூஸ் வேகா என்பவனைப் பிடித்துத் தந்திக் கம்பத்தில் தொங்கவிட்டது. அதற்குப் பழிவாங்கத் துடித்த உறவினன் பாஞ்சோ கிரீகோவை, நவம்பர் 1 அன்று லாம்பர்ட்டின் மதுக்கடையிலேயே சுட்டுச் சாய்த்தான் க்ளே ஆலிசன். ஓட்டல்காரர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் நன்றாகச் சொல்வார்கள். ஆலிசன் அவர்களுக்கு நாயகன். அவன் 1887-ல் வண்டியிலிருந்து விழுந்து செத்தான் என்பதை அவ்வளவு ஆர்வமாகச் சொல்வதில்லை.

இதில் பெரும்பகுதி ஊர் திரும்பிய பிறகு டென்வர் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. படிக்கப் போனதற்குக் காரணம் அத்தை. கிளம்பும்போது வரவேற்பு மேசையில் நின்று, இருபத்தாறு பேர் என்கிறீர்களே, அவர்கள் பெயரெல்லாம் என்ன என்று கேட்கச் சொன்னார். அவருடைய ஊரில் கொலையுண்டவனுக்குப் பெயர் இருக்கும். பெயர் சொல்லித்தான் படையல் வைப்பார்கள். பெயர் தெரியாமல் எப்படிக் கும்பிடுவது? மேசையிலிருந்த இளைஞர் ரைட் பெயரைச் சொன்னார், கிரீகோ பெயரைச் சொன்னார், பிறகு சுட்டவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். "செத்தவுகளக் கேட்டா கொன்னவுகளச் சொல்றாக," என்றார் அத்தை. அந்த ஓட்டலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 1876 மார்ச் மாதத்துச் சம்பவம். ஒன்பதாம் குதிரைப்படை கறுப்பினச் சிப்பாய்களின் படை. நிலத் தகராறில் கொதித்துக் கிடந்த ஊருக்கு அமைதி காக்க வந்திருந்தார்கள். டேவி க்ராக்கெட் என்பவன், பெயர்பெற்ற அந்த க்ராக்கெட்டுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், குடித்துவிட்டு லாம்பர்ட் கடையைவிட்டு வெளியே வரும்போது கதவில் எதிரே ஒரு சிப்பாய் வந்தார். சுட்டான். திரும்பி உள்ளே இருந்த சிப்பாய்களையும் சுட்டான். மூன்று பேர் இறந்தார்கள். வழக்கு நடந்தது. போதையில் இருந்தான் என்று கொலைக்குற்றம் தள்ளுபடி ஆகி, ஆயுதம் வைத்திருந்ததற்கு ஐம்பது டாலரும் கோர்ட்டு செலவும் அபராதம் விதித்தார்கள். அதன்பிறகும் ஊரை மிரட்டிக்கொண்டு திரிந்தவனை அதே ஆண்டு ஷெரிஃப் ஆட்கள் சுட்டார்கள்.

ரோஜா வாசனைக்கு ஓர் அறை உண்டு. சூதாடிக்கு ஓர் அறையும் பாட்டிலும் உண்டு. சீருடையில் வந்து கடமைக்கு நின்ற இந்த மூவருக்கும், நாங்கள் தங்கிய அன்று, மாடியைச் சுற்றிக் காட்டிய பேச்சில்கூட இடமில்லை.

பில்மாண்டுக்குப் பிள்ளையை அனுப்புகிற தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் இருப்பீர்கள். கூட்டிவரப் போகும்போது அந்த ஓட்டலில் ஓரிரவு தங்குங்கள், நல்ல இடம்தான். பச்சை மிளகாய்க் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கூரைத் துளைகளை நிமிர்ந்து எண்ணும் பிள்ளைகளிடம் அந்த மூன்று பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள்: ஜார்ஜ் ஸ்மால், ஆந்தனி ஹார்வி, ஜான் ஹான்சன்.